கோடு ஒன்றே, விலை வேறு: கட்டட வரைபடத்துக்கு எந்த மென்பொருள்?

மண்டபத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைக்கும் புதிய பாம்பன் இரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 ஆம் நாள் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டாக, செங்குத்தாக மேலே எழும்புகிறது. அதன் அருகிலேயே அமைந்தது பழைய பாலம். 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டு, 2022 டிசம்பர் வரை இரயிலைச் சுமந்தது. அதன் நடுப்பகுதி இரு கைகளைப் போல் பிரிந்து மேலே திறந்தது. ஆட்கள் நெம்புகோல்களைத் தள்ளிச் சுழற்றித்தான் அதைத் திறந்தார்கள்.

இரண்டு பாலங்களும் கடலில் எழுவதற்கு முன்பு கோடுகளாக இருந்தன. பழைய பாலம் உருவான காலத்தில் கோடு என்றால் மைக்கோடு. டி-ஸ்கொயரும் கவராயமும் கொண்டு மனிதர் கையால் போட்டது. இன்று கோடு என்றால் கணிப்பொறியின் நினைவகத்தில் உள்ள சில எண்கள்.

பாலிடெக்னிக் முடித்து, இராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒரு சிறு பிளான் அலுவலகம் தொடங்க எண்ணும் இளைஞர் முன் இன்று ஒரு கேள்வி நிற்கிறது. எல்லா வசதிகளும் கொண்ட விலையுயர்ந்த வரைவு மென்பொருளை வாங்குவதா? மலிவானதோ இலவசமானதோ போதுமா? கடன் வாங்கித் தொழில் தொடங்குபவருக்கு இது சிறிய கேள்வி அன்று. விளம்பரத்தைப் பார்த்தோ, நண்பர் சொன்னார் என்றோ முடிவு செய்யாமல், அறிவியல் முறைப்படி இதை ஆராய்ந்து பார்ப்போம்.

மைக்கோட்டிலிருந்து எண்கோட்டுக்கு

கையால் வரைந்த காலத்தில் ஒரு வரைபடத்தைப் படியெடுக்க வேதியியல் உதவியது. 1842 இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறையில், இரும்பு உப்புகள் பூசிய தாளின் மேல் டிரேசிங் தாளை வைத்து ஒளியில் காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் நீலமாகும். மைக்கோடு மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். 'ப்ளூ பிரிண்ட்' என்ற பெயர் இப்படி வந்ததுதான். இன்று வெள்ளைத் தாளில் கறுப்பாக அச்சடித்தாலும் நம் மேஸ்திரிகள் அதையும் ப்ளூ பிரிண்ட் என்றே சொல்கிறார்கள்!

1963 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்னும் ஆராய்ச்சி மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கினார. ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு நேராகக் கோடு வரையலாம். அப்போது அதற்கு ஓர் அறையை அடைக்கும் கணிப்பொறி தேவைப்பட்டது. 1982 டிசம்பரில் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மேசைக் கணிப்பொறியிலேயே இயங்கும் 'ஆட்டோகேட்' மென்பொருளை வெளியிட்டது. அதன் பிறகுதான் சிறு அலுவலகங்களிலும் வரைபலகை மெல்ல மெல்ல மூலைக்குச் சென்றது.

1993 இல் அதே நிறுவனம் 'ஆட்டோகேட் எல்டி' என்ற குறைந்த விலைப் பதிப்பையும் விற்கத் தொடங்கியது. முப்பரிமாண உருவங்களை அமைக்கும் வசதி அதில் இல்லை. தட்டையான படம் மட்டும் வரையலாம். ஆக, 'எல்லா வசதியுமா, வேண்டிய வசதி மட்டுமா?' என்ற கேள்விக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

இன்று கடையில் பல சரக்குகள் இருக்கின்றன. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவை ஆட்டோகேட்டைப் போலவே இயங்குபவை. கட்டளைச் சொற்களும் பெரும்பாலும் அவையே. லிப்ரேகேட் என்பது இருபரிமாண வரைபடங்களுக்கான இலவச மென்பொருள். ஃப்ரீகேட் முப்பரிமாணத்துக்கான இலவச மென்பொருள். ரெவிட், ஆர்க்கிகேட் போன்றவை வேறு இனம்; அவற்றைப் பின்னர் காண்போம்.

கோடு எப்படிச் சேமிக்கப்படுகிறது?

கைப்பேசியில் எடுத்த நிழற்படம் இலட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகச் சிதையும். வரைவு மென்பொருளின் கோடு அப்படிப்பட்டதன்று. எட்டாம் வகுப்பிலேயே வரைபடத்தாளில் இரண்டு ஆயத்தொலைகளைக் குறித்து நேர்கோடு வரைந்திருக்கிறீர்கள் அல்லவா? கணிப்பொறி செய்வதும் அதுவே. தொடக்கப் புள்ளியின் இரண்டு எண்கள், முடிவுப் புள்ளியின் இரண்டு எண்கள், கோடு முடிந்தது. வட்டம் என்றால் மையத்தின் இரண்டு எண்களும் ஆரமும் போதும்.

டிஎக்ஸ்எஃப் என்ற கோப்பு வகையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் ஒரு கோட்டுக்குரிய பகுதியில் முதலில் 'லைன்' என்ற சொல் ஆங்கிலத்தில் இருக்கும். 8 என்ற எண்ணின் கீழ் அந்தக் கோடு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பது (சுவரா, கதவா, மின்கம்பியா) இருக்கும். 10, 20 ஆகிய எண்களின் கீழ் தொடக்கப் புள்ளியும், 11, 21 ஆகியவற்றின் கீழ் முடிவுப் புள்ளியும் இருக்கும். ஆறு மீட்டர் சுவர் என்றால் ஒரு பக்கம் 0, மறு பக்கம் 6000. அவ்வளவுதான்!

விலை கூடினால் துல்லியம் கூடுமா?

'விலை அதிகமான மென்பொருளில் அளவு துல்லியமாக வரும்' என்று பலர் நம்புகிறார்கள். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலில் பென்சிலை எடுத்துக்கொள்வோம். 100 இல் 1 என்ற அளவுத்திட்டத்தில் வரையும்போது, 0.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு தரையில் 30 மில்லிமீட்டருக்குச் சமம். கையால் வரைந்தவர்கள் இதனால்தான் கோட்டை அளந்து பார்க்காதே, பக்கத்தில் எழுதியுள்ள எண்ணைப் படி என்று சொல்வார்கள்.

இனி, கணிப்பொறி. பொதுவாக வரைவு மென்பொருள்கள் ஒவ்வோர் எண்ணையும் 64 பிட்டுகளில் வைக்கின்றன. அவற்றில் மதிப்பிலக்கங்களுக்கு உரியவை 53 இருமப் பிட்டுகள். நம் பத்தடிமான முறையில் ஏறத்தாழ 16 இலக்கங்கள். பாம்பன் பாலம் சுமார் 2 கிலோமீட்டர், அதாவது 20 இலட்சம் மில்லிமீட்டர். இந்த எண் 2-இன் 20 ஆம் அடுக்குக்கும் 21 ஆம் அடுக்குக்கும் இடையில் உள்ளது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள மிகச் சிறிய இடைவெளி 2-இன் (20 − 52) அடுக்கு, அதாவது 2-இன் −32 ஆம் அடுக்கு மில்லிமீட்டர். இது ஒரு மில்லிமீட்டரை 429 கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. ஓர் இரும்பு அணுவின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு!

இப்போது பாலத்தையே கேட்போம். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியசுக்கு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 12 பங்கு நீள்கிறது. 72.5 மீட்டர் எஃகுத் துண்டு 20 டிகிரி சூடானால் 72.5 × 0.012 × 20 = 17.4 மில்லிமீட்டர் நீளும். வெயிலில் ஒரு விரல் அகலம் நீளும் பொருளுக்கு, அணுவின் ஆயிரத்தில் ஒரு பங்குத் துல்லியம் எங்கே? 64 பிட்டு எண்களைப் பயன்படுத்தும் எந்த மென்பொருளும், இலவசமாயினும் இலட்ச ரூபாயாயினும், கட்டடத்துக்கு வேண்டியதைவிடப் பல கோடி மடங்கு துல்லியம் உடையது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் துல்லியத்துக்கு அன்று.

ஒரே ஓர் எச்சரிக்கை. சில மென்பொருள்கள் திரையில் காட்டும்போது மட்டும் 32 பிட்டு எண்களைப் பயன்படுத்தும். நில அளவை வரைபடங்களில் வடதிசை ஆயத்தொலை நிலநடுக்கோட்டிலிருந்து தொடங்குவதுண்டு. இராமேசுவரம் அங்கிருந்து ஏறத்தாழ 1,026 கிலோமீட்டர். மில்லிமீட்டரில் நூறு கோடிக்கு மேல். அத்தனை பெரிய எண்ணை 32 பிட்டுகளில் வைத்தால் இடைவெளி 64 மில்லிமீட்டராகிவிடும். அப்போது கோடுகள் திரையில் நடுங்குவதுபோலவும் விலகி நிற்பதுபோலவும் தோன்றும். சேமித்த எண் கெடவில்லை, காட்சிதான் கெட்டது. வாங்குவதற்கு முன் சோதிக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு?

மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, முப்பரிமாணம். தட்டையான படத்தில் தளவரைபடம், முகப்பு, வெட்டுத்தோற்றம் ஆகிய மூன்றும் தனித்தனிப் படங்கள். தளத்தில் சன்னலை அரை மீட்டர் நகர்த்திவிட்டு முகப்பில் நகர்த்த மறந்தால், கொத்தனார் கையில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தாள்கள் இருக்கும். எதை நம்பிச் செங்கல் வைப்பார்?

இரண்டாவது, பொருள் அறிந்த வரைவு. லிப்ரேகேட்டுக்குச் சுவர் என்பது இரண்டு இணைகோடுகள். ரெவிட், ஆர்க்கிகேட் போன்றவற்றுக்குச் சுவர் என்பது சுவரேதான். அதற்கு உயரம், தடிப்பு, பொருள் எல்லாம் உண்டு. சன்னலை நகர்த்தினால் முகப்பும் வெட்டுத்தோற்றமும் சன்னல் பட்டியலும் தாமே மாறும். எத்தனை சதுர மீட்டர் பூச்சு வேலை என்று கேட்டால் கூட்டிச் சொல்லும். இம்முறைக்குக் கட்டடத் தகவல் மாதிரி என்று பெயர்.

மூன்றாவது, பலர் சேர்ந்து வேலை செய்தல். புதிய பாம்பன் பாலத்தில் 18.3 மீட்டர் கண்கள் 99; நடுவில் எழும்பும் கண் ஒன்று. எஃகு, கான்கிரீட், தண்டவாளம், மின்சாரம், தூக்கும் எந்திரம் என்று ஒவ்வொரு துறைக்கும் தனிக் குழு. வடிவமைப்பை வேறு வல்லுநர்கள் சரிபார்க்க வேண்டும். இப்பாலத்தின் வடிவமைப்பைச் சென்னை, மும்பை ஐஐடிகள் சரிபார்த்தன. ஒருவர் மாற்றியதை மற்றவர் அறியாமல் போனால் விபத்து. இத்தகைய வேலைக்கு முழு வசதி மென்பொருள் ஆடம்பரம் அன்று, தேவை.

ஆனால் தங்கச்சிமடத்தில் ஒருவர் இரண்டு படுக்கையறை வீடு கட்டுகிறார். ஒரு தளவரைபடம், ஒரு முகப்பு, இரண்டு வெட்டுத்தோற்றம், அடித்தள விவரம். வரைபவர் ஒருவர், சரிபார்ப்பவரும் அவரே. இதற்குத் தட்டையான படம் போதும். மீன்பிடி வலைக்குச் செல்பவர் விசைப்படகு எடுப்பதா, வத்தை எடுப்பதா என்பது எவ்வளவு தூரம் போகிறார் என்பதைப் பொறுத்தது அல்லவா?

கோப்பு என்னும் பூட்டு

நீங்கள் தனியே வரைந்தாலும் கோப்பு தனியே இருப்பதில்லை. கட்டமைப்புப் பொறியாளருக்குப் போகிறது, உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போகிறது, அச்சகத்துக்குப் போகிறது. கட்டடத் துறையில் பரவலாக வழங்குவது டிடபிள்யூஜி என்னும் கோப்பு வகை. அது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் சொந்த வகை. அதன் முழு அமைப்பை அந்நிறுவனம் பொதுவில் வெளியிடவில்லை. 1998 இல் தோன்றிய ஒரு கூட்டமைப்பு அதைப் பகுத்தாராய்ந்து, பிற மென்பொருள்களும் படிக்க வழி செய்தது. விலைக்குக் கிடைக்கும் மலிவு மென்பொருள்கள் பல இவ்வழியில் டிடபிள்யூஜி கோப்பைப் படிக்கவும் எழுதவும் செய்கின்றன. லிப்ரேகேட்டோ அதை ஓரளவு படிக்கும், எழுதுவது டிஎக்ஸ்எஃப்.

ஒருவர் எழுதிய கடிதத்தை மற்றவர் படியெடுத்தால் சில எழுத்துகள் தவறுவதுபோல், கோப்பு மாறும்போதும் சில தவறும். பெரும்பாலும் கோடுகள் தவறுவதில்லை; தவறுபவை எழுத்துருக்கள், அளவுக் குறிகள், கோட்டுத் தடிப்பு, நிழற்கோடுகள். எழுத்துரு கிடைக்காவிட்டால் மென்பொருள் வேறு ஒன்றைப் போட்டுவிடும். பழைய தமிழ் எழுத்துருவில் 'படுக்கையறை' என்று எழுதியது ஏதோ குறிகளாகிவிடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. பழைய பாம்பன் பாலம் 108 ஆண்டுகள் இரயிலைச் சுமந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது இப்பாலத்தின் கண்களும் கடலில் விழுந்தன. ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அது மீண்டும் நிமிர்ந்தது. பழுது பார்ப்பவருக்கு முதலில் வேண்டுவது அளவுகள். தாளில் வரைந்த படத்தைப் படிக்கக் கண் போதும். கோப்பைப் படிக்க மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருளுக்கு உரிமம் வேண்டும். நீங்கள் வரையும் வீடு ஐம்பது ஆண்டுகள் நிற்கும். உங்கள் மென்பொருள் நிற்குமா? ஆகவே எதில் வரைந்தாலும், முடிந்த படத்தின் டிஎக்ஸ்எஃப் படி ஒன்றும், பிடிஎஃப் படி ஒன்றும், நல்ல தாளில் அச்சுப்படி ஒன்றும் வைத்திருப்பது நலம்.

சந்தாவா, ஒரே விலையா?

ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016 இல் தன் மென்பொருள்களை ஒரேயடியாக விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். வேறு சில மென்பொருள்களை ஒரு முறை பணம் கட்டி வாங்கி வைத்துக்கொள்ளலாம். எது இலாபம்?

கணக்குக்காக (உண்மை விலை அன்று), ஒன்றின் ஆண்டுச் சந்தா 30,000 ரூபாய் என்றும், மற்றொன்றின் ஒரே விலை 45,000 ரூபாய் என்றும் கொள்வோம். ஒன்றரை ஆண்டில் இரண்டும் சமமாகும். ஐந்து ஆண்டில் முதலாவது 1,50,000 ரூபாய். இரண்டாவதைவிட 1,05,000 ரூபாய் அதிகம்.

இத்துடன் கணக்கை முடித்துவிடக் கூடாது. மலிவானதில் ஒரு படத்துக்கு அரைமணி நேரம் கூடுதலாகச் செலவாகிறது எனக் கொள்வோம். மாதம் 20 படம் வரைபவருக்கு மாதத்தில் 10 மணி. ஐந்து ஆண்டில் 600 மணி. 1,05,000-ஐ 600 ஆல் வகுத்தால் 175 வருகிறது. உங்கள் ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு 175 ரூபாய்க்கு மேல் என்றால் விலையுயர்ந்ததே இலாபம். குறைவு என்றால் மலிவானதே இலாபம். மாதம் நான்கே படம் வரைபவருக்கு 600 மணி 120 மணியாகக் குறையும். வரம்பு 875 ரூபாயாக உயரும். ஆகவே ஒரே மென்பொருள் ஒருவருக்கு இலாபமும் மற்றவருக்கு நட்டமும் ஆகலாம். உங்கள் எண்களை இட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு என்று சிலர் சொல்வார்கள்: திருட்டுப் படி. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரல்களையும் காக்கிறது. திருட்டுப் படியைத் தெரிந்தே பயன்படுத்துவது குற்றம். அதனுடன் வரும் நச்சுநிரல், ஆண்டுக் கணக்கில் வரைந்த படங்களை ஒரே இரவில் அழிக்கவும் கூடும். மாணவர்களுக்குப் பெரிய நிறுவனங்கள் கல்விப் பதிப்பை இலவசமாகவே தருகின்றன. அது கற்பதற்கு மட்டும், தொழிலுக்கு அன்று.

எந்த மென்பொருளும் அறியாதது

மென்பொருளுடன் ஆயத்தப் படங்கள் பல வரும்: கதவு, படிக்கட்டு, தூண், தளம். எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. நம் கரையில் இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பியைக் காப்பது அதன் மேலுள்ள கான்கிரீட் போர்வை. மேஸ்திரிகள் 'கவர்' என்பார்கள். ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரவிதி, லேசான சூழலில் இது 20 மில்லிமீட்டர் போதும் என்கிறது. கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர். கடல்நீர்த் தெறிப்பு நேரே படும் இடத்துக்கு 50. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஊர்ந்து கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்சேன் பூச்சையும் பயன்படுத்தியது இந்த உப்புக்காற்றுக்கு அஞ்சியே.

உள்நாட்டு ஊருக்காக வரைந்த தளப் படத்தை எடுத்துத் தங்கச்சிமடம் வீட்டில் ஒட்டினால், மிக விலையுயர்ந்த மென்பொருளும் 'இங்கே கடல் அருகில் இருக்கிறது' என்று தானே சொல்லப் போவதில்லை. 20 என்றிருப்பதை 45 ஆக்க வேண்டியவர் வரைபவர். அதுபோலவே, கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம் உண்டு. அந்தக் கோட்டைத் தனி அடுக்காக வரைந்து வைக்க இலவச மென்பொருளாலும் முடியும். வரைய வேண்டும் என்ற நினைவு மட்டும் மனிதருக்கு வேண்டும்.

யாருக்கு எது?

கற்கும் மாணவருக்கு: லிப்ரேகேட்டும் கல்விப் பதிப்புகளும் போதும். தனியே சிறு வீடுகளுக்கு வரைபவருக்கு: டிடபிள்யூஜி கோப்பைப் படித்து எழுதும் மலிவு மென்பொருள். பொறியாளர்கள் பலருடன் சேர்ந்து பெரிய கட்டடம் செய்பவருக்கு: முழு வசதி. உள்ளாட்சி அலுவலகம் எந்தக் கோப்பு வகையைக் கேட்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்வது எல்லாருக்கும் பொது.

செய்து பாருங்கள்

1. லிப்ரேகேட்டில் 6000 × 4000 மில்லிமீட்டர் அறை ஒன்று வரைந்து மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். பித்தாகரசு தேற்றப்படி 7211.10 வர வேண்டும்.

2. அதே அறையை வடக்கே 1,026 கிலோமீட்டர் நகர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள். எண் மாறுகிறதா? திரையில் கோடு நடுங்குகிறதா?

3. படத்தை டிஎக்ஸ்எஃப் வகையில் சேமித்து, நோட்பேடில் திறந்து, அதற்குள் 6000 என்ற எண்ணைத் தேடுங்கள். உங்கள் சுவர் அங்கே எண்ணாக நின்றுகொண்டிருக்கும்.

4. 'படுக்கையறை' என்று தமிழில் எழுதிச் சேமித்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். எழுத்து அப்படியே வருகிறதா?

இந்த நான்கு சோதனைகளிலும் தேறும் மென்பொருள், அதன் விலை எதுவாயினும், உங்கள் முதல் வீட்டை வரையத் தகுதியுடையதே.